விண்டோஸ் 11 ஏற மறுக்கும் பழைய கணினி: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "இதுல பதினொண்ணு ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்பதுதான். பல கணினிகளில் அது உண்மையில்லை. "ஏறாது" என்ற ஒரே செய்திக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஒரு சுவிட்ச் அணைந்திருக்கலாம். டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம். ரேமோ இடமோ பற்றாமல் இருக்கலாம். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ப்ராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை என்றால் மட்டும்தான் செட்டிங்ஸில் வழி கிடையாது. எனவே, உங்கள் கணினி எதில் மாட்டியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பணம் செலவழிப்பது அப்புறம்.

தொடங்குமுன் இரண்டு வேலைகள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். டி டிரைவுக்கு மாற்றி வைப்பது பேக்கப் ஆகாது, அதுவும் அதே டிஸ்க்தான். அடுத்து, பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் வசதி) போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரிக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

அறிகுறி: "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்று வருகிறது, காரணம் புரியவில்லை

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டுங்கள். "செக் நவ்" அழுத்தியதும் வருகிற முதல் வரியோடு நின்றுவிடாமல் "சீ ஆல் ரிசல்ட்ஸ்" என்பதைத் திறங்கள். எது தேறியது, எது தேறவில்லை என்று தனித்தனியாகக் காட்டும். அது பார்ப்பது இவற்றைத்தான்: பட்டியலில் உள்ள இரண்டு கோராவது கொண்ட 64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க முறை), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி).

இதோடு ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து ப்ராசஸர், பயாஸ் மோட், செக்யூர் பூட் ஸ்டேட் என்ற மூன்று வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் முக்கால்வாசி நோயைக் கண்டுபிடித்த மாதிரிதான்.

ப்ராசஸர் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தேறாவிட்டால் டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் சரிசெய்வதால் அதிகாரபூர்வ அப்கிரேடு கிடைத்துவிடாது. இந்த வரிசை தெரியாமல், ஒரு நாள் முழுக்க டிஸ்கை மாற்றிப் பிரித்துவிட்டுக் கடைசியில் ப்ராசஸரில் போய் முட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: ப்ராசஸர் வரியில் மட்டும் மஞ்சள் அல்லது சிவப்பு

இன்டெல் கோர் வரிசையில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, தேறும். ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை, தேறாது. வேகம் இங்கே கணக்கில்லை. நான்கு கோர் கொண்ட 6ஆம் தலைமுறை ஐ7 வெளியே நிற்கும். மெதுவாக ஊர்கிற செலரான் என்4000 உள்ளே போய்விடும்.

ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரைசன் 5 2400ஜி, லேப்டாப்பில் வரும் ரைசன் 5 2500யூ போன்றவை பெயரில்தான் 2000. உள்ளே இருப்பது முதல் தலைமுறை ஜென் வடிவமைப்பு. அவை பட்டியலில் இல்லை. டெஸ்க்டாப்பில் வரும் ரைசன் 5 2600 இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "திங்க்பேட் டி480, பதினொண்ணு ஓடும்" என்று சொல்லி விற்பார்கள். அந்த மாடல் 8ஆம் தலைமுறையிலும் வந்தது, 7ஆம் தலைமுறையிலும் வந்தது. மாடல் பெயரை நம்பாமல், கணினியைப் போடச் சொல்லி ப்ராசஸர் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

இந்தக் கோட்டை ஏன் 8ஆம் தலைமுறையில் கிழித்தார்கள்? பாதுகாப்பு, நிலைத்தன்மை, பொருத்தம் என்று மைக்ரோசாஃப்ட் மூன்று காரணம் சொன்னது. தகுதியில்லாத கணினிகளில் சோதித்தபோது கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) அளவிலான முடக்கங்கள் 52% கூடுதலாக இருந்ததாக 2021 ஆகஸ்டில் கணக்கும் காட்டியது. நினைவகத்தைத் தனி அறையில் பூட்டி வைக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு, பழைய ப்ராசஸர்களில் வேகத்தைக் குறைப்பதும் உண்மைதான். ஆனால் அதை வேகமாக்கும் வன்பொருள் வசதி 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 11 வெளியான 2021 அக்டோபரில் பல 7ஆம் தலைமுறைக் கணினிகளுக்கு நான்கு வயதுதான். விதிவிலக்காக ஐ7-7820எச்க்யூ சேர்க்கப்பட்டது. அது மைக்ரோசாஃப்டே அப்போது விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்த ப்ராசஸர். கோடு வன்பொருளால் மட்டும் விழவில்லை என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சரி, உங்கள் ப்ராசஸர் பட்டியலில் இல்லை என்று உறுதியாகிவிட்டால் நேராகக் கீழே "ப்ராசஸர் தேறவில்லை, என்ன செய்வது" என்ற பகுதிக்குப் போங்கள். தேறிவிட்டால் தொடருங்கள், மிச்சம் எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான்.

அறிகுறி: டிபிஎம் இல்லை என்கிறது

8ஆம் தலைமுறைக்குப் பிந்தைய கணினியில் டிபிஎம் "இல்லை" என்று வந்தால், பெரும்பாலும் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். தனி சிப் வாங்க ஓடாதீர்கள். ப்ராசஸரும் சிப்செட்டும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்யும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் செக்யூரிட்டி ப்ராசஸர் டீடெய்ல்ஸ் என்று போய்ப் பாருங்கள். ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று இருந்தால் முடிந்தது. செக்யூரிட்டி ப்ராசஸர் என்ற பகுதியே காணவில்லை என்றால் பயாஸுக்குள் போக வேண்டும்.

கணினி தொடங்கும்போது டெல், ஏசர், ஏசஸ் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி மாட்டிய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டெலீட் விசை. விசையைச் சரியான நொடியில் அழுத்த முடியவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாக மறுதொடக்கம் செய்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போகலாம். கடைசியாகச் சொன்ன அந்தப் பொத்தான் இல்லவே இல்லையா? அதுவும் ஒரு துப்புதான்: உங்கள் விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருக்கிறது. அடுத்த பகுதியையும் படித்துவிட்டு வாருங்கள்.

உள்ளே போனதும் "டிபிஎம்" என்ற சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள். இன்டெல் மதர்போர்டு பலகைகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். எச்பியில் டிபிஎம் டிவைஸ் என்பதை அவெய்லபிள் ஆக்க வேண்டும். டெல்லில் செக்யூரிட்டி பிரிவில் டிபிஎம் 2.0 செக்யூரிட்டி. இயக்கிவிட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அதே பக்கத்தில் "கிளியர்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொடாதீர்கள். டிபிஎம்முக்குள் இருக்கும் சாவிகளை அது அழித்துவிடும்.

ரைசன் கணினிகளில் எஃப்டிபிஎம் போட்டபின் அவ்வப்போது ஒரு கணம் திக்கி நின்றால், ஒலியும் சேர்ந்து விக்கினால், அது உங்கள் பிரமை இல்லை. 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்ட குறை. பலகை தயாரிப்பாளரின் புதிய பயாஸை ஏற்றினால் சரியாகும். ஏற்றுமுன் பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள்.

அறிகுறி: செக்யூர் பூட் "அன்சப்போர்ட்டட்" என்கிறது, அல்லது பயாஸில் சாம்பல் நிறமாக இருக்கிறது

இதுதான் நம் ஊர்க் கணினிகளை அதிகம் படுத்தும் இடம். விண்டோஸ் 7 காலத்துப் பழக்கத்தில், யூஇஎஃப்ஐ வசதியுள்ள பலகையிலும் லெகசி முறையில் விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் "லெகசி" என்று இருந்தால் உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதை மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐ என்று மாற்றினால், "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், லெகசிக்குத் திருப்பினால் விண்டோஸ் மறுபடி வரும்.

எம்பிஆரை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே கருவி இருக்கிறது. பெயர் எம்பிஆர்2ஜிபிடி. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் இப்படித் தட்டுங்கள்: mbr2gpt /validate /allowFullOS. இது சோதனை மட்டும்; எதையும் மாற்றாது. "வெற்றி" என்று வந்தால், வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட் என்று போட்டு மறுபடி ஓட்டுங்கள். சில நிமிடங்களில் முடியும், கோப்புகள் அழியாது. அழியாது என்றாலும் பேக்கப் இல்லாமல் இதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்; நடுவில் கரண்ட் போனால் யார் பொறுப்பு?

மாற்றி முடித்ததும் மறக்காமல் பயாஸுக்குப் போய் பூட் மோடை யூஇஎஃப்ஐ ஆக்குங்கள். அப்புறம்தான் செக்யூர் பூட்டைப் போட முடியும்.

சோதனையே தோற்றால், பெரும்பாலும் பார்ட்டிஷன்கள்தான் காரணம். அந்தக் கருவி மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் ஏற்காது. எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் இருந்தாலும் ஏற்காது. சி, டி, ஈ, எஃப் என்று நான்கு டிரைவாகப் பிரித்து, ஒன்றில் படம், ஒன்றில் பாட்டு என்று பெயர் போட்டுக் கொடுத்த கணினிகள் எல்லாமே இங்கேதான் மாட்டும், ஏனென்றால் டி-யும் ஈ-யும் எஃப்-உம் எக்ஸ்டென்டட் பகுதிக்குள் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அவற்றைச் சுற்றி ஒரு பச்சைச் சட்டம் தெரியும். அந்த டிரைவுகளில் உள்ளதை வெளி டிஸ்குக்கு நகல் எடுத்து, அவற்றையும் அவை இருந்த எக்ஸ்டென்டட் பகுதியையும் அழித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால், புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே நிறுவுவது இன்னும் நல்லது. பழைய டிஸ்க் தொடப்படாமல் பேக்கப்பாக இருக்கும், கணினியும் வேகமெடுக்கும்.

டிஸ்க் சரியான பிறகும் செக்யூர் பூட் சாம்பல் நிறத்தில் இருந்தால், பலகையைப் பொறுத்துச் சில தந்திரங்கள்:

- ஏசர் லேப்டாப்பில் முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைக்க வேண்டும். வைத்ததும் தேர்வு திறந்துகொள்ளும். வேலை முடிந்தபின் பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள். மறந்துபோனால் பெரிய தலைவலி.
- ஏசஸ் பலகையில் ஓஎஸ் டைப் என்பதை விண்டோஸ் யூஇஎஃப்ஐ மோட் ஆக்க வேண்டும்.
- ஜிகாபைட், எம்எஸ்ஐ பலகைகளில் சிஎஸ்எம் (பழைய லெகசி முறைக்கான வசதி) என்பதை அணைத்தால்தான் செக்யூர் பூட் மெனுவே சரியாக வரும்.
- "எனேபிள்டு, ஆனால் நாட் ஆக்டிவ்" என்று காட்டினால் ஃபேக்டரி கீகளை மீட்டமைக்கும் தேர்வை ஒருமுறை அழுத்துங்கள்.

சிஎஸ்எம்மை அணைத்ததும் திரையில் எதுவுமே வரவில்லை, மின்விசிறி மட்டும் ஓடுகிறது என்றால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு மிகப் பழையது. யூஇஎஃப்ஐயில் படம் காட்டத் தெரியாதது. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பலகையில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து மறுபடி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ப்ராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு, பலகையின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி முயலுங்கள்.

அறிகுறி: நேற்று சரிசெய்தது இன்று மறுபடி போய்விட்டது

டிபிஎம் போட்டீர்கள், வந்தது. இரவு மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் மறுபடி "இல்லை". கூடவே தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? இணையதளங்கள் எல்லாம் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று கத்துகின்றனவா? பலகையின் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பழைய கணினியில் எதையும் தொடுவதற்கு முன் இதை மாற்றிவிடுவது நல்லது.

அறிகுறி: பயாஸில் மாற்றியதும் நீலத் திரையில் ரிக்கவரி கீ கேட்கிறது

பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம்மோடு கட்டி வைக்கிறது. பயாஸிலோ பூட் முறையிலோ மாற்றம் வந்தால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொள்ளும். முன்பே எழுதி வைத்த 48 இலக்கங்களைத் தட்டினால் திறக்கும். எழுதி வைக்கவில்லை என்றால் கைபேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பக்கத்தில் பிட்லாக்கர் சாவிகளைத் தேடுங்கள். அலுவலகக் கணினி என்றால் ஐடி ஆட்களிடம் இருக்கலாம். பயாஸில் செய்த மாற்றத்தை அப்படியே திருப்பிப் போட்டாலும் சில நேரம் திறக்கும். எங்கேயும் சாவி இல்லை, திருப்பிப் போட்டும் திறக்கவில்லை என்றால் அந்தக் கோப்புகள் போனவைதான். திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனால் அப்கிரேடு வரவில்லை

முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கம். "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், 64 பிட் ப்ராசஸர்" என்று இருக்கிறதா? விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அப்படியே மேலேற்ற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கடையில் டாஸ் காலத்து பில்லிங் மென்பொருளை 32 பிட் விண்டோஸில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ் நிரல்களை ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றில் அதை வேறொரு கணினியில் ஓட்டி, அச்சும் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

64 பிட்தான் என்றால், விண்டோஸ் அப்டேட் வழங்கும்வரை காத்திருக்காமல் மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்டை இறக்கி ஓட்டலாம். ஆனால் அப்டேட் பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு டிரைவரோ மென்பொருளோ காரணம் என்று சொல்லியிருந்தால், அது சிக்கல் தெரிந்து மைக்ரோசாஃப்ட் போட்ட தடை. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சொன்னதைப் புதுப்பியுங்கள்.

அறிகுறி: ஏறத் தொடங்குகிறது, பாதியில் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறது

பிழை எண்ணைப் பாருங்கள். அதில் 80070070 என்று இருந்தால் இடம் பற்றவில்லை. சி டிரைவில் 25 ஜிபியாவது காலி செய்யுங்கள். சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடிக்கிறது. பிரின்டர், டாங்கிள், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். விண்டோஸ் டிஃபெண்டர் அல்லாத ஆன்ட்டிவைரஸை நிறுத்தினால் போதாது, நீக்கிவிடுங்கள். கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

"சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று வந்தால், சி-யில் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை. தொடக்கக் கோப்புகள் இருக்கும் அந்த 100 எம்பி சிறு பகுதி நிரம்பிவிட்டது. அதற்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புகளை அழித்து இடம் உண்டாக்குவது மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி. கமாண்ட் ப்ராம்ப்டில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏறியபின் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி "பழைய விண்டோஸ்" கோப்புறையை நீக்கிவிடாதீர்கள்.

ப்ராசஸர் தேறவில்லை, என்ன செய்வது

மூன்று வழி இருக்கிறது. எது பொருந்தும் என்பது அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலாவது, விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வது. வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த காலம் 2026 அக்டோபர் 13 வரை. அறிவிப்பின்படி, செட்டிங்ஸை விண்டோஸ் பேக்கப் வழியாகக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். இல்லையேல் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலருக்கு ஈடான பணம். ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்க்கலாம். முக்கியமான பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் வரும்.

சேரும் இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் தெரியவில்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: பதிப்பு 22எச்2-தானா, நுழைந்திருப்பது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கா, மிச்சமிருந்த அப்டேட்கள் எல்லாம் ஏறிவிட்டனவா. சேரும் சாளரம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், 2025 ஆகஸ்ட் மாத அப்டேட் ஏறவில்லை என்று பொருள். அந்தப் பிழையை நீக்கியது அதுதான். லோக்கல் கணக்கில் இருப்பவர்களை நடுவில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். அலுவலக டொமைனில் இணைந்த கணினிகளுக்கு இந்த வீட்டுத் திட்டம் பொருந்தாது.

2028 அக்டோபர் வரை டிஃபெண்டரின் வைரஸ் அடையாள அப்டேட்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்போ 2028 வரை பாதுகாப்புதான்" என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். டிஃபெண்டர் தெரிந்த திருடனைப் பிடிக்கும்; சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்காது. பேங்க் வேலை நடக்கும் கணினியில் இந்த வேறுபாடு முக்கியம்.

இரண்டாவது, தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. ரூஃபஸ் என்ற இலவசக் கருவி பென்டிரைவ் தயாரிக்கும்போதே, ரேம், செக்யூர் பூட், டிபிஎம் சோதனைகளை நீக்கவா என்று கேட்கும். 6, 7ஆம் தலைமுறை இன்டெல், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்றால் இது நடைமுறையில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்கிறது. ஏற்றியபின் வரக்கூடிய சில அறிகுறிகள்:

மாத அப்டேட் வருகிறது, ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மட்டும் வரவில்லை. அது எதிர்பார்க்க வேண்டியதுதான். புதிய ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸை நிறுவும் கோப்பை) இறக்கி மறுபடி அதே வழியில் ஏற்ற வேண்டும்.

செட்டிங்ஸில் "தேவைகள் பூர்த்தியாகவில்லை" என்ற வரி. கண்ணை உறுத்தும், கெடுதல் இல்லை.

வாலரன்ட் விளையாட்டு "வேன் 9001" என்று பிழை காட்டுகிறது. விண்டோஸ் 11-இல் அது டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் தானே சோதிக்கிறது. இரண்டையும் பயாஸில் போட முடியாத கணினி என்றால், அந்த விளையாட்டுக்கு விண்டோஸ் 11 ஏற்றியதே வீண்.

சின்னத்தைக் காட்டிவிட்டு மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. கோர் 2 டுவோ, கோர் 2 க்வாட் கணினியா? 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற ப்ராசஸர் கட்டளைகள் கட்டாயம். அந்தப் பழைய ப்ராசஸர்களில் இந்தக் கட்டளைகள் இல்லை. எந்தக் கருவியாலும் இதைத் தாண்ட முடியாது. பழைய 23எச்2-ஐப் போடலாம் என்றால், அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஆதரவு 2025 நவம்பர் 11-லேயே முடிந்துவிட்டது.

கடைக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கணினியில் இந்த இரண்டாவது வழியை நான் செய்ய மாட்டேன். வீட்டில் படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். அப்போதே வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள். தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம்: ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும் இருந்தால் தமிழ்99 வரும். தமிழ்99 தெரிந்த கை என்றால் பழக்கப்பட அதிக நேரம் ஆகாது. சிக்கல் வேறு இடத்தில்தான். டேலி விண்டோஸுக்கு மட்டும் வருகிறது. பேஜ்மேக்கரும் லினக்ஸுக்கு வரவில்லை, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் செய்த டிடிபி வேலைகளை அப்படியே திறந்து திருத்த முடியாது. இவற்றில் ஒன்று உங்கள் பிழைப்பு என்றால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை. அந்தப் பழைய கணினியை வைஃபையும் கேபிளும் இல்லாமல் தனியாக நிறுத்தி, டிடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோப்புகளைப் பென்டிரைவில் மாற்றும்போது, புதிய கணினியில் ஒருமுறை ஸ்கேன் செய்த பிறகு திறங்கள்.